ஹூ, விச், தட் எல்லாம் போட்டும் வாக்கியம் தப்பா வருதா? அறிகுறிய பாத்து சரி பண்ற வழி

ரிலேட்டிவ் கிளாஸ்ல, அதாவது ஹூ, விச், தட்ல ஆரம்பிச்சு ஒரு ஆளையோ பொருளையோ பத்தி சொல்ற துண்டுல, வர்ற தப்புங்க ஆளுக்கு ஆள் மாறுறதே இல்ல, பத்தாவது படிக்கிற பையன் நோட்டுல இருக்கிற அதே தப்பு பேங்க் எக்ஸாமுக்கு படிக்கிறவங்க கிட்டயும் இருக்கு, வெளிநாடு போக ஐஈஎல்டிஎஸ் எழுதுறவங்க கட்டுரையிலயும் இருக்கு. திருத்தி திருத்தி எனக்கு ஒண்ணு உறுதியா தெரிஞ்சிருச்சு. கோடிட்ட இடத்த நிரப்புறதுல ஹூவா விச்சான்னு பத்துக்கு பத்து வாங்குறவங்க கூட சொந்தமா நாலு வரி எழுத சொன்னா தடுக்கி விழுறாங்க, ஏன்னா கோளாறு பெரும்பாலும் ஹூவுல இல்ல, ஹூவுக்கு பின்னாடி வர்ற துண்டுல இருக்கு. அதனால இங்க விதி எதுவும் ஒப்பிக்கப் போறதில்ல, உங்க வாக்கியத்துல எந்த அறிகுறி தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போங்க, மேல இருந்து கீழ வரிசையா செக் பண்ணுங்க, சரியாயிட்டா மீதிய படிக்க வேண்டியதில்ல.

எல்லாத்துக்கும் முன்னாடி: பென்சில் டெஸ்ட்

ஹூ, விச், தட், எது வருதோ அதுல இருந்து அந்த துண்டு முடியுற வரைக்கும் பென்சில்ல பிராக்கெட் போடுங்க. இப்ப ரெண்டு செக். பிராக்கெட்டுக்கு வெளிய இருக்கிறத மட்டும் படிச்சா அது தனியா ஒரு வாக்கியமா நிக்கணும், இது வெளி டெஸ்ட். உள்ள இருக்கிறத தனியா எடுத்து, ஹூவுக்கு பதிலா அந்த ஆளையோ பொருளையோ அது உக்கார வேண்டிய இடத்துல வச்சு எழுதினா அதுவும் ஒரு வாக்கியமா நிக்கணும், இது உள் டெஸ்ட்.

"தி டாக்டர் ஹூ ட்ரீட்டட் மை மதர் இஸ் ஆன் லீவ்." வெளிய: "தி டாக்டர் இஸ் ஆன் லீவ்." உள்ள: "தி டாக்டர் ட்ரீட்டட் மை மதர்." ரெண்டும் நிக்குது, அப்ப வாக்கியம் நல்லா இருக்கு. கீழ வர்ற முக்கால்வாசி கோளாறு இந்த ரெண்டு டெஸ்ட்லயே பிடிபட்டுரும்.

அறிகுறி: ஒரே ஆள் ரெண்டு தடவை வர்றாரு

"தி மூவி விச் ஐ வாட்ச்ட் இட் யெஸ்டர்டே வாஸ் போரிங்." "தி அங்கிள் ஹூ ஹி கேம் ஃப்ரம் மதுரை இஸ் ஸ்லீப்பிங்."

சாதாரண காரணம், ரெண்டு தனி வாக்கியத்த அப்படியே வச்சுக்கிட்டு நடுவுல விச்ச மட்டும் சொருகுறது, கம்பைன் பண்ணுன்னு வர்ற கேள்வியில இது ரொம்ப நடக்கும். உள் டெஸ்ட் போடுங்க: "ஐ வாட்ச்ட் தி மூவி இட் யெஸ்டர்டே." ஒரு சீட்டுல ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க இல்லையா, இட்ட எழுப்பி விடுங்க, முடிஞ்சுது.

அதுக்கு மேலயும் வருதுன்னா துண்டு ரொம்ப நீளமா இருக்கும். "தி மேனேஜர் ஹூ ஐ டோல்ட் யூ தட் ஹி ரிசைன்ட் இஸ் பேக்." நடுவுல "ஐ டோல்ட் யூ தட்" புகுந்ததால, ரிசைன் பண்ணது யாருன்னு மறந்திரும்னு பயந்து கை தானா ஹி-ய எழுதிருது. அந்த தட், ஹி ரெண்டையும் எடுத்தா "தி மேனேஜர் ஹூ ஐ டோல்ட் யூ ரிசைன்ட் இஸ் பேக்", இலக்கணப்படி சரி. ஆனா பரீட்சை ஹால்ல இந்த வித்தைக்கு போகாதீங்க, ரெண்டு வாக்கியமா உடைச்சு எழுதுங்க, யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க.

எழுதுறப்ப சரியா இருக்கு, பேசுறப்ப மட்டும் வருதுன்னா? இன்டர்வியூல "வி ஹேட் ஒன் ப்ராஜெக்ட், விச் தட் ப்ராஜெக்ட்..."னு போறவங்க நிறைய. இது இலக்கணம் தெரியாம வர்றது இல்ல, யோசிக்க நேரம் வாங்குறதுக்கு விச்ச ஒரு தாங்கு கட்டையா வச்சுக்கிற பழக்கம். போன்ல ஒரு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, விச் வர்ற இடத்துல எல்லாம் நிறுத்திட்டு புது வாக்கியம் ஆரம்பிச்சு மறுபடி பேசுங்க.

அறிகுறி: இன், டு, ஃபார், வித் காணாம போகுது

இத கொஞ்சம் நின்னு பாக்கணும், தமிழ் பேசுறவங்களுக்கு இதுதான் முதல் இடத்துல வர்ற கோளாறு, நல்லா இங்கிலீஷ் பேசுறவங்களுக்கும் வரும், படிச்சுப் பாத்தா கண்ணுக்கு தப்பா தெரியவும் தெரியாது.

"தி பஸ் விச் ஐ கேம் வாஸ் லேட்." "தி கம்பெனி விச் ஐ வொர்க் இஸ் இன் கிண்டி." "தி பர்சன் ஹூ ஐ டாக்ட் வாஸ் வெரி கைண்ட்."

இது எங்க இருந்து வருதுன்னு பாருங்க. "நான் பஸ்ல வந்தேன்", இதுல ல இருக்கு. அதையே "நான் வந்த பஸ்"னு மாத்தினா ல எங்க போச்சு? தமிழ்ல அது போயிரும், போறதுதான் சரி, கேக்குறவங்களுக்கு புரிஞ்சிரும். "கம்பெனில வேலை செய்றேன்" வந்து "நான் வேலை செய்ற கம்பெனி" ஆகுது, "அவர்கிட்ட பேசினேன்" வந்து "நான் பேசின ஆளு" ஆகுது, கிட்டவும் காணோம். இங்கிலீஷ்ல அந்த குட்டி வார்த்தை காணாம போகவே கூடாது, "ஐ கேம் இன் தி பஸ்"ல இருந்த இன் துண்டுக்குள்ளயும் இருக்கணும்: "தி பஸ் விச் ஐ கேம் இன் வாஸ் லேட்." "தி கம்பெனி விச் ஐ வொர்க் ஃபார்." "தி பர்சன் ஹூ ஐ டாக்ட் டு."

செக் சுலபம், உள் டெஸ்ட்ட வாய்விட்டு சொல்லுங்க: "ஐ வொர்க் தி கம்பெனி." காதுக்கே இடிக்கும். எந்த வார்த்தை போட்டா இடிக்காதோ அத வாக்கியத்துல வெர்ப்புக்கு பக்கத்துல வச்சிருங்க. கடைசியில ப்ரிப்பொசிஷன், அதாவது இன், டு மாதிரி குட்டி வார்த்தை, வந்தா தப்புன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்திருந்தா அத மறந்திருங்க, அது தப்பே இல்ல. ரொம்ப ஃபார்மலா எழுதணும்னா முன்னாடி கொண்டு வாங்க, "தி கம்பெனி ஃபார் விச் ஐ வொர்க்", ஆனா முன்னாடி கொண்டு வந்தா ஹூவும் தட்டும் அங்க நிக்காது, ஆளுன்னா "டு ஹூம் ஐ டாக்ட்"னுதான் வரணும்.

இத திருத்தி விட்ட கையோட நேர் எதிர் கோளாறு ஒண்ணு கிளம்பும். "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்", "தி ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்." இன் ரெண்டு தடவை. முன்னாடி ஒண்ணு இருந்தா பின்னாடி வேண்டாம், வேர் போட்டா இன் அதுக்குள்ளயே அடங்கியிருக்கு, அதனால அப்பவும் வேண்டாம்.

இதுக்கே ஒரு கிளை: இடம்னா கண்ண மூடிட்டு வேர் போடலாமா? கூடாது. "தி பிளேஸ் வேர் ஐ விசிட்டட் லாஸ்ட் இயர்" தப்பு. உள் டெஸ்ட்ல அந்த இடத்துக்கு பதிலா "தேர்" வருதா "இட்" வருதான்னு பாருங்க. "ஐ விசிட்டட் இட்", இட் வருது, அப்ப விச் இல்லன்னா தட். "ஐ ஸ்டேட் தேர்", தேர் வருது, அப்ப வேர். ஊட்டி ஒரே ஊருதான், "விசிட்" போட்டா விச், "ஸ்டே" போட்டா வேர், அந்த முடிவ எடுக்கிறது ஊர் இல்ல, வெர்ப்பு. வருஷம், நாளுக்கும் இதே கதைதான்: "தி டே வென் வி மெட்" சரி, "தி டே விச் வி மெட்" தப்பு, "தி டே விச் ஐ லைக்" சரி.

அறிகுறி: வாக்கியம் முடியாம தொங்குது

"தி ஸ்டூடன்ட் ஹூ கேம் ஃபர்ஸ்ட் இன் தி கிளாஸ்." புள்ளி வச்சாச்சு, ஆனா அந்த ஸ்டூடன்ட்டுக்கு என்ன ஆச்சு? வெளி டெஸ்ட் போட்டா "தி ஸ்டூடன்ட்"னு மட்டும்தான் மிஞ்சுது. ஒரு வெர்ப்பு குடுங்க: "...இஸ் மை கசின்."

வெர்ப்பு இருக்கிற மாதிரியே தெரியுது, ஆனாலும் டீச்சர் வட்டம் போட்டிருக்காங்கன்னா, அனேகமா முந்தின வாக்கியத்தோட வால தனியா வெட்டி எழுதியிருப்பீங்க. "ஹி மிஸ்ட் தி ட்ரெயின். விச் மேட் ஹிம் ஆங்ரி." புள்ளிய எடுத்துட்டு கமா போடுங்க, விச்சோட முதல் எழுத்த சின்னதாக்குங்க. அப்புறம் இந்த விச் ட்ரெயின குறிக்குதா, தவறவிட்டத குறிக்குதான்னு படிக்கிறவங்களுக்கு சந்தேகம் வர வாய்ப்பிருந்தா விச்ச விட்டுட்டு "மிஸ்ஸிங் தி ட்ரெயின் மேட் ஹிம் ஆங்ரி"ன்னு பேர் சொல்லியே எழுதிருங்க.

அறிகுறி: இருக்க வேண்டிய ஹூ காணோம்

"தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்." சில வாக்கியத்துல ஹூவ விட்டுரலாம்னு எங்கயோ கேட்டுட்டு எல்லா இடத்துலயும் விடுறதுதான் காரணம். ஹூவுக்கு அடுத்து என்ன வருதுன்னு பாருங்க. நேரா வெர்ப்பு வந்தா விடக்கூடாது, "ஹூ கேம்". ஐ, யூ, மை பிரதர் மாதிரி வேற ஆள் வந்தா விடலாம், "தி மேன் ஐ மெட்". கமாவுக்கு அப்புறம் வர்ற துண்டுல மட்டும் எப்பவுமே விடக்கூடாது.

அறிகுறி: துண்டு தப்பான ஆளோட போய் ஒட்டிக்குது

"ஐ கேவ் தி சாரி டு மை சிஸ்டர் விச் ஐ காட் இன் காஞ்சிபுரம்." காஞ்சிபுரத்துல கிடைச்சது தங்கச்சியா சேலையா? செக் என்னன்னா, ஹூ அல்லது விச்சுக்கு ஒட்டி முன்னாடி இருக்கிற பேர விரல் வச்சு பாருங்க, நீங்க சொல்ல வந்தது அதுதானா? இல்லன்னா துண்ட தூக்கி சரியான பேருக்கு பக்கத்துல வைங்க: "ஐ கேவ் மை சிஸ்டர் தி சாரி விச் ஐ காட் இன் காஞ்சிபுரம்."

இப்படி ஒண்ணு ரெண்டு வந்தா கவனக்குறைவு. ஒவ்வொரு பத்தியிலயும் வந்தா, தமிழ் வரிசையில யோசிச்சு இங்கிலீஷ்ல அடுக்குறீங்கன்னு அர்த்தம், இதுக்கு கொஞ்சம் உழைக்கணும். "நேத்து பெய்ஞ்ச மழையில விழுந்த மரத்த வெட்டுற ஆளு." தமிழ்ல மழையில ஆரம்பிச்சு, மரம் வழியா, கடைசியில ஆளுகிட்ட வந்து நிக்குறோம். இங்கிலீஷ்ல தலைகீழ், ஆள்ல ஆரம்பிச்சு மழையில முடியும்: "தி மேன் ஹூ இஸ் கட்டிங் தி ட்ரீ தட் ஃபெல் இன் யெஸ்டர்டேஸ் ரெயின்." பயிற்சிக்கு வொர்க்‌ஷீட் எதுவும் வாங்காதீங்க, அன்னன்னைக்கு பேப்பர்ல இருந்து இப்படி "வந்த, போன, செய்ற"ன்னு அடுக்கு அடுக்கா வர்ற வாக்கியமா ஒண்ணு எடுங்க, கடைசியில இருக்கிற பேர முதல்ல எழுதுங்க, அப்புறம் ஒவ்வொரு அடுக்கா பின்னாடி நடந்து போங்க. ஒரு மாசம் விடாம பண்ணவங்களுக்கு இந்த கோளாறு குறையுறத நான் பாத்திருக்கேன், கோடிட்ட இடத்த நிரப்பி யாருக்கும் குறைஞ்சு பாத்ததில்ல.

அறிகுறி: ஹூஸ், ஹூம் பக்கம் வந்தா தடுமாற்றம்

"தி கேர்ள் ஹூ ஹெர் ஃபாதர் இஸ் எ டாக்டர்." உள் டெஸ்ட்ல ஹிஸ், ஹெர், தேர், இட்ஸ்னு "அவரோட, அதோட" வந்தா அந்த இடத்துக்கு ஹூஸ்: "தி கேர்ள் ஹூஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர்." ஹூஸுக்கு அப்புறம் "தி" வராது, ஹெர்ரும் வராது. பொருளுக்கு ஹூஸ் போடலாமான்னு அடிக்கடி கேக்குறாங்க, தாராளமா போடலாம், "எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்"ல ஒரு தப்பும் இல்ல. மேல குட்டி கோடு போட்டு எழுதுற ஹூ'ஸ் வேற, அது "ஹூ இஸ்", இல்லன்னா "ஹூ ஹேஸ்". ரெண்டா விரிச்சு படிச்சு பொருள் வந்தா கோடு போடுங்க, வரலன்னா வேண்டாம்.

ஹூமுக்கு, உள் டெஸ்ட்ல "ஹி" வந்தா ஹூ, "ஹிம்" வந்தா ஹூம். இதுல ஒரு பொறி இருக்கு, எரர் ஸ்பாட்டிங்ல, அதாவது தப்ப கண்டுபிடிக்க சொல்ற கேள்வியில, வேணும்னே வைப்பாங்க: "தி மேன் ஹூம் ஐ தாட் வாஸ் தி மேனேஜர்." ஐ பக்கத்துல இருக்கிறதால ஹூம்தான் சரின்னு தோணும். உள் டெஸ்ட்: "ஐ தாட் ஹி வாஸ் தி மேனேஜர்." ஹி வந்துருச்சு, அப்ப ஹூ. "ஐ தாட்", "ஐ பிலீவ்", "தே சே" மாதிரி துண்டுக்குள்ள வந்தா அத விரலால மறைச்சுட்டு மீதிய படிங்க, விடை தானா தெரியும்.

பேச்சுலயும் சாதாரண மெயில்லயும் ஹூமுக்கு பதிலா ஹூ போட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்க, அதுக்காக தூக்கத்த கெடுத்துக்க வேண்டாம்.

அறிகுறி: கமா போடுறதா வேண்டாமா

"மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் கோயம்புத்தூர் இஸ் எ லாயர்." கமா இல்ல, அப்ப உங்களுக்கு இன்னும் அண்ணன் தம்பி இருக்காங்க, கோயம்புத்தூர்ல இருக்கிறவர தனியா சுட்டுறீங்க. ஒரே அண்ணன்தான்னா "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் கோயம்புத்தூர், இஸ் எ லாயர்." ரெண்டு பக்கமும் கமா. தமிழ்ல "கோயம்புத்தூர்ல இருக்கிற அண்ணன்"னு சொல்றப்ப இந்த வித்தியாசம் எழுத்துல தெரியாது, அதனாலதான் நமக்கு இங்க கை நடுங்குது.

துண்ட எடுத்துட்டு படிங்க. "எந்த அண்ணன்?"னு கேள்வி வந்தா கமா வேண்டாம், வரலன்னா வேணும். ஊர் பேர், ஆள் பேர் மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்கிறதுக்கு கமா வேணும்: "சென்னை, விச் இஸ் ஆன் தி கோஸ்ட்". முன்னாடி கமா போட்டுட்டு பின்னாடி போட மறக்குறதுதான் அதிகம், அதையும் பாருங்க. கமாவுக்கு அப்புறம் தட் வரவே கூடாது, ஆளுன்னா ஹூ, பொருள்னா விச்.

அறிகுறி: கம்ப்யூட்டர்ல விச்சுக்கு கீழ நீலக் கோடு வருது

வேர்டுல டைப் பண்றவங்க இத பாத்து பயந்துர்றாங்க. முதல்ல மேல சொன்ன கமா செக்க பண்ணுங்க, கமா வேணும்னா போட்டுருங்க, கோடு போயிரும். கமா தேவையில்லாத துண்டுதான்னா அந்த கோடு தப்ப காட்டல, ஒரு ஸ்டைல காட்டுது. ஹென்றி ஃபௌலர்னு ஒரு இங்கிலீஷ் இலக்கணக்காரர் 1926ல, கமா இல்லாத துண்டுக்கு தட், கமா இருக்கிற துண்டுக்கு விச்னு பிரிச்சு வச்சா நல்லா இருக்கும்னு எழுதினாரு, நல்ல எழுத்தாளர்களே அப்படி எழுதுறதில்லன்னு அவரே ஒத்துக்கவும் செஞ்சாரு. அமெரிக்க எடிட்டிங் பழக்கத்துல அது கிட்டத்தட்ட விதி மாதிரி ஆயிருச்சு, பிரிட்டிஷ் எழுத்துல ரெண்டும் ஓடும். அமெரிக்கா காலேஜுக்கு எழுதுறீங்கன்னா தட்டுக்கு மாத்திருங்க, மத்தபடி கோட கண்டுக்காம போங்க.

அறிகுறி: தட் வர வேண்டிய இடத்துல வாட் வருது

"எவ்ரிதிங் வாட் யூ செட்", "ஆல் வாட் ஐ நோ." முன்னாடி ஒரு பேரோ ஆல், எவ்ரிதிங், நத்திங் மாதிரி வார்த்தையோ இருந்தா வாட் வராது, தட் போடுங்க. முன்னாடி ஒண்ணுமே இல்லன்னா வாட்: "வாட் யூ செட் இஸ் ரைட்." இதுல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

அறிகுறி: ஹூவுக்கு அப்புறம் ஹேஸா ஹேவா

ஹூவுக்கு முன்னாடி இருக்கிற பேர் ஒருமையா பன்மையான்னு பாத்தா முடிஞ்சுது. "ஒன் ஆஃப்" வந்தா மட்டும் குழப்பம். "ஷி இஸ் ஒன் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹூ ஹேவ் பாஸ்ட்", பாஸ் பண்ணது கேர்ள்ஸ், அதனால ஹேவ், போட்டித் தேர்வுல இதத்தான் எதிர்பாக்குறாங்க. முன்னாடி "தி ஒன்லி ஒன் ஆஃப்"னு இருந்தா ஆள் ஒருத்திதான், அங்க ஹேஸ்.

எப்ப வாத்தியார்கிட்ட போகணும்

மேல உள்ளத எல்லாம் சொந்தமா பண்ணிக்கலாம், காசு செலவில்ல. நண்பர் ஒருத்தர்கிட்ட குடுத்து பென்சில் டெஸ்ட் போட சொன்னா இன்னும் நல்லது, அடுத்தவங்க வாக்கியத்துல தப்பு சீக்கிரம் தெரியும். ஆனா கீழ சொல்றது உங்களுக்கு பொருந்தினா தனியா முட்டிக்கிட்டு இருக்காதீங்க.

பிராக்கெட் எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்கவே முடியலன்னா, அதாவது ஒரு வாக்கியத்துல வெர்ப்பு எதுன்னே பிடிபடலன்னா, உங்க கோளாறு ரிலேட்டிவ் கிளாஸ்ல இல்ல, அதுக்கு ரெண்டு படி கீழ இருக்கு, ஆள் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தாதான் சரியாகும். ரெண்டாவது, தப்ப காட்டினா உடனே திருத்துறீங்க, ஆனா அடுத்த வாரம் புதுசா எழுதினா அதே தப்பு அதே இடத்துல வருதுன்னா அது ஊறிப்போன பழக்கம், வாரா வாரம் திருத்த ஒரு ஆள் வேணும். மூணாவது, பரீட்சை தேதி கிட்ட வந்துருச்சுன்னா. ஐஈஎல்டிஎஸ் ரைட்டிங்ல ரெண்டாவது கேள்விக்கு 250 வார்த்தைக்கு குறையாம எழுதணும், திருத்துற நாலு அளவுகோல்ல இலக்கணத்துக்கு கால் பங்கு, வெறும் குட்டி வாக்கியமா எழுதி தப்பிக்கவும் முடியாது, இப்படி துண்டு சேர்ந்த கலவை வாக்கியம் எழுதுறீங்களா, அத தப்பில்லாம எழுதுறீங்களான்னு ரெண்டையும் பாப்பாங்க.

ஆள தேடுறப்ப ஒண்ணு மட்டும் கேளுங்க: நான் எழுதினத திருத்துவீங்களா, இல்ல மெட்டீரியல் குடுப்பீங்களா? மெட்டீரியல்னா வேண்டாம், அது உங்ககிட்டயே இருக்கு. போறப்ப கடைசியா சொந்தமா எழுதின நாலஞ்சு பக்கத்த திருத்தாம அப்படியே எடுத்துட்டு போங்க, பிராக்கெட் போட்டிருந்தா அதையும் அழிக்காதீங்க, பிராக்கெட்ட எங்க தப்பா முடிச்சிருக்கீங்கன்னு பாத்தாலே எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு அவருக்கு தெரிஞ்சிரும்.